முக்கோணம் எலிக்குச் சொன்னது, காடைக்கு அல்ல

தை பிறந்ததும் காட்டுமன்னார்கோயில், குமராட்சி, புவனகிரி வட்டாரங்களில் சம்பாக் கதிர் சாய்ந்து நிற்கும்போதே உளுந்து தெளித்துவிடுவார்கள். அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் இருக்கும். மண் மெழுகு பதத்தில் இருக்கும். இந்த முறையில் விதை மண்ணுக்குள் போவதில்லை. ஈரத்தில் ஒட்டிக்கொண்டு மேலேயே கிடந்து முளைக்கிறது. புறாவும் காடையும் கௌதாரியும் மயிலும் கதிருக்கு அடியில் புகுந்து அதைப் பொறுக்குகின்றன. வெள்ளை ஈக்கும் அது பரப்பும் மஞ்சள் தேமல் நோய்க்கும் பயந்து அந்த விதைக்கு இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தைப் பூசியிருந்தால், வயல் முழுக்க நச்சுத் தீனி பரப்பியதாகத்தான் அர்த்தம்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். விதையில் பூசும் திரவ வடிவமான இமிடாகுளோபிரிட் 600 எஃப்.எஸ். என்றால் ஒரு லிட்டரில் 600 கிராம் நஞ்சு. கிலோ விதைக்கு 5 மில்லி பூசினால் 3 கிராம் நஞ்சு ஏறுகிறது; ஒரு கிராம் விதையில் 3 மில்லிகிராம். உளுந்து மணி ஒன்று ஏறக்குறைய 40 மில்லிகிராம் எடை, அதன் மேல் 0.12 மில்லிகிராம் நஞ்சு. ஜப்பானியக் காடையில் செய்த சோதனையில், உடல் எடை கிலோவுக்கு 31 மில்லிகிராம் கொடுத்தபோது பாதிப் பறவைகள் செத்தன. நம் வயல் காடையை 100 கிராம் என்று வைத்துக்கொண்டால் 3.1 மில்லிகிராம், அதாவது இருபத்தாறு மணி உளுந்து. ஒரு கிராமைச் சற்றே தாண்டும் தீனி அது. சிட்டுக்குருவிக்கு அந்த எண் 41. இதே அளவு மருந்து பூசிய சோளமாக இருந்தால் 25 கிராம் எடையுள்ள குருவிக்குப் பன்னிரண்டு மணி போதும். குருவி ஒரு நாளில் தின்பது இதைப்போலப் பல மடங்கு. சாகும் அளவுக்குத் தின்னாமல் நான்கைந்து மணியோடு நிறுத்தினாலும் சும்மா விடாது; அதற்குப் பின்னால் வருகிறேன்.

இதே மருந்து எலிக்கு என்ன செய்கிறது? எலியில் பாதிச் சாவு அளவு கிலோவுக்கு 450 மில்லிகிராமை ஒட்டி. காடையைவிடப் பத்து மடங்குக்கு மேல் தாங்குகிறது. டப்பாவில் நாம் பார்க்கும் முக்கோணத்தின் நிறம் இந்த எலிக் கணக்கில் வந்தது. வாய்வழிப் பாதிச் சாவு அளவு கிலோவுக்கு 1 முதல் 50 மில்லிகிராம் வரை என்றால் சிவப்பு, 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. மனிதருக்கு எவ்வளவு ஆபத்து என்று காட்ட எலியை வைத்து அளந்தார்கள். அந்த நோக்கத்துக்கு அது சரியான அளவுகோல்தான். 'மஞ்சள்தானே, சிவப்பு இல்லையே' என்று மருந்துக் கடையில் சொல்வதைப் பறவைக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு. பறவையை வைத்து அளந்திருந்தால் இமிடாகுளோபிரிட் சிவப்பில் விழும்.

இதைவிடக் கொடுமையான உதாரணம் டயசினான் என்ற பூச்சிமருந்து. எலிக்குக் கிலோவுக்குப் பல நூறு மில்லிகிராம் தேவைப்பட்ட அந்த மருந்தில் காட்டு வாத்துக்கு வெறும் மூன்றரை மில்லிகிராம் போதுமானதாக இருந்தது. அமெரிக்காவில் கோல்ப் மைதானப் புல்லில் அடித்து, மேய வந்த காட்டு வாத்தினங்கள் கூட்டமாகச் செத்த பிறகுதான், 1980களின் பிற்பாதியில் அந்த இடங்களில் அதை நிறுத்த முடிவெடுத்தார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? பாலூட்டிகளின் இரத்தத்திலும் கல்லீரலிலும் டயசினான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சை உடைத்துப்போடும் ஒரு நொதி உண்டு. பறவைகளின் இரத்தத்தில் அது மிகக் குறைவு, பல இனங்களில் இல்லை என்றே சொல்லலாம். அதனால் குடலிலிருந்து ஏறிய நஞ்சு உடையாமல் நேராக நரம்புக்குப் போகிறது. இன்னொரு காரணம் உடல் அளவு. சின்னப் பறவை தன் எடைக்கு ஏற்ப நம்மைவிட மிக அதிகம் தின்கிறது, மிக அதிகம் மூச்சு வாங்குகிறது.

நரம்பில் நடப்பது இது. ஒரு நரம்பு அடுத்ததற்குச் செய்தி அனுப்ப அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது; செய்தி சேர்ந்ததும் கோலினெஸ்டரேஸ் நொதி அதை உடைத்துத் துடைத்துவிட வேண்டும். குளோர்பைரிபாஸ், புரொபெனோபாஸ், மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட்டுகளும், கார்போபியூரான் போன்ற கார்பமேட்டுகளும் இந்தத் துடைப்பானைக் கட்டிப்போடுகின்றன. செய்தி ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். வாயில் எச்சில் வழியும், நீராகக் கழியும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், இறக்கை விரிந்து தரையில் அடிக்கும், தலை பின்னோக்கி வளையும், கால் விரல்கள் முஷ்டிபோல் இறுகும். கடைசியில் மூச்சுத் தசை நின்றுபோகும். குளோர்பைரிபாஸ் வகை அந்த நொதியோடு போடும் கட்டு நாளாக ஆக இறுகி, அவிழ்க்க முடியாததாகிவிடும். கார்பமேட் கட்டு சில மணி நேரத்தில் தானே தளரும். இந்த வித்தியாசம் சிகிச்சையிலும் சோதனைக்கூடத்திலும் வந்து நிற்கும் என்பதால் நினைவில் வையுங்கள்.

வரப்பில் பறவை செத்துக் கிடந்தால் எல்லாமே மருந்துச் சாவு என்று முடிவுகட்டக் கூடாது. மருந்துச் சாவு பெரும்பாலும் இப்படி இருக்கும்: ஒரே இடத்தில், ஒரே நாளில், வெவ்வேறு இனங்கள், உடம்பு கொழுகொழுவென்று இருக்கும், தீனிப்பை நிறைய தானியம், சில சமயம் சிவப்போ இளஞ்சிவப்போ சாயம் ஏறிய தானியம், விரல்கள் மடங்கி இறுகியிருக்கும். அருகிலேயே அதைக் கொத்திய காகமோ கரும்பருந்தோ கிடந்தால் ஐயம் வலுக்கும். கோடையில் ஏரி வற்றும்போது வாத்தும் நாமக்கோழியும் கழுத்தைத் தூக்க முடியாமல் துவண்டு கிடந்தால் அது பொட்டுலிசம் என்னும் பாக்டீரியா நஞ்சாக இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே உடம்பு விறைப்பதில்லை, தொங்கும். கோழிப் பண்ணைகளில் சாவு நடக்கிற காலத்தில் காகமோ நீர்ப்பறவையோ கூட்டமாகச் செத்தால் பறவைக் காய்ச்சலை முதலில் நினைத்து, எதையும் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்வதே முறை.

சாகாமல் தப்பியவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கனடாவில் வலசை போகும் ஒரு குருவியினத்துக்கு மிகச் சிறிய அளவு இமிடாகுளோபிரிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் முடிவு வெளியானது. அதிக அளவு பெற்றவை ஆறு மணி நேரத்துக்குள் உடல் எடையில் 6 சதவீதம் இழந்தன; தீனி எடுப்பதை விட்டன; பறந்து கிளம்ப மற்றவற்றைவிட மூன்றரை நாள் கூடுதலாகத் தேங்கின. வலசையில் மூன்றரை நாள் என்பது கூடு கட்டும் பருவத்தையே தவறவிடக்கூடிய தாமதம். நெதர்லாந்தில் 2014இல் வந்த ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டியது. ஏரி, வாய்க்கால் நீரில் லிட்டருக்கு 20 நானோகிராமுக்கு மேல் இமிடாகுளோபிரிட் இருந்த பகுதிகளில் பூச்சி தின்னும் பறவைகள் ஆண்டுக்குச் சராசரியாக 3.5 சதவீதம் குறைந்துவந்தன. அங்கே பறவை நேரடியாக நஞ்சைத் தின்றிருக்க வேண்டியதில்லை. நீரில் வளரும் பூச்சிகள் போய்விட்டால் குஞ்சுக்கு ஊட்ட ஒன்றும் இருக்காது. புதுச்சேரியின் ஊசுட்டேரிக்கும் பாகூர் ஏரிக்கும் மேல் தகைவிலான்கள் பறந்து பிடிக்கும் சிறு பூச்சிகள் பலவும் நீரில் பிறப்பவை. அதனால் டேங்க் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் ஊற்றுவதைச் சின்ன விஷயமாக என்னால் பார்க்க முடியவில்லை. காலி டப்பாவை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பு டேங்கிலேயே சேர்த்து வயலில் அடித்துவிட வேண்டும். டப்பாவில் ஓட்டை போட்டுவிட்டால் யாரும் வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டார்கள்.

பழைய குளோரின் மருந்துகளின் கதை பலருக்குத் தெரிந்ததே: டிடிடி உடைந்து உண்டாகும் டிடிஈ, கழுகு, பருந்து, கூழைக்கடா வகைகளின் முட்டை ஓட்டை மெலிதாக்கி அடைகாக்கும்போதே நொறுங்கச் செய்தது. நம் நாட்டில் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் 1980களின் இறுதியில் பதினெட்டு சாரஸ் கொக்குகள் ஆல்டிரினால் செத்தன. சுற்று வயல்களில் போட்ட மருந்து, பாதுகாக்கப்பட்ட பூங்காவின் பறவையைக் கொன்றது. சரணாலயத்துக்கு வேலி போடலாம். பறவை மேயப் போகும் வயலுக்குப் போட முடியாது. ஊசுட்டேரி 2008இல் சரணாலயமானது. அங்கே இரவு தங்கும் கொக்கும் நத்தைகுத்தி நாரையும் பகலில் இரை தேடுவது அக்கம்பக்கத்து நெல் வயல்களிலும்தான்.

குருணை மருந்துக்கு வருவோம். பறவைக்குப் பல் இல்லை. தானியத்தை அரைக்க அரைவைப்பையில் சிறு கற்களைச் சேர்த்துக்கொள்ளும். மண்ணில் கிடக்கும் பியூரடான் (கார்போபியூரான்) குருணை அதற்குப் பொருத்தமான அளவுள்ள கல்லாகத் தெரிகிறது. வாத்துக்குக் கார்போபியூரான் பாதிச் சாவு அளவு கிலோவுக்கு அரை மில்லிகிராமை ஒட்டி. 1.2 கிலோ எடையுள்ள புள்ளிமூக்கு வாத்துக்கு 0.6 மில்லிகிராம். 3 சதவீதக் குருணையில் இதற்கு 20 மில்லிகிராம் போதும். ஒரு நெல்மணியின் எடை. சிறு பறவைக்கு ஒரே ஒரு குருணை கொல்லும் என்பது இதனால்தான். அமெரிக்கா குருணை வடிவத்தை 1990களிலேயே ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்தியது. இந்தியாவில் 2023 செப்டம்பர் ஆணை 3 சதவீத உறையிட்ட குருணையைத் தவிர மற்றக் கார்போபியூரான் வடிவங்களை நிறுத்தியது. மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்.எல்.லும் அதே ஆணையில் போனது. இன்னொரு குருணை மருந்தான போரேட் 2020 முடிவோடு தடையானது. வீட்டுக் கொட்டகையில் பழைய பாக்கெட் கிடந்தால், 'வாழைக்கு ஒரு பிடி' என்று அதைத் தீர்த்துவிட நினைக்க வேண்டாம்.

மோனோகுரோட்டோபாஸ் பற்றி ஒன்று. 1995–96இல் அர்ஜென்டினாவில் வெட்டுக்கிளிக்கு அதை அடித்த வயல்களில், வலசை வந்த ஸ்வெய்ன்சன் பருந்துகள் அந்த வெட்டுக்கிளிகளைத் தின்று ஏறத்தாழ 20,000 வரை செத்ததாகக் கணக்கிட்டார்கள். நம் பக்கம் குளிர்காலத்தில் வரும் பூனைப்பருந்துகளும் வெட்டுக்கிளி தின்பவை.

நெல் தண்டுத் துளைப்பானுக்குக் குருணைதான் வேண்டும் என்றால் குளோரன்டிரானிலிபுரோல் 0.4 ஜி.ஆர். ஏக்கருக்கு 4 கிலோ. பறவைக்கு இதன் நேரடி நச்சு மிகக் குறைவு. ஆனால் நீர்ப்பூச்சிகளுக்கு ஆகாது, போட்ட பிறகு சில நாள் வயல் தண்ணீரை வெளியே வடிக்கக் கூடாது. பிப்ரோனில் குருணையைக் கௌதாரி, காடை, மயில் நடமாடும் நிலத்தில் தவிர்ப்பேன். வாத்துக்கு அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, கோழியினத்துக்கோ கடும் நஞ்சு: வட அமெரிக்கக் காடை வகை ஒன்றுக்குக் கிலோவுக்குப் பதினோரு மில்லிகிராமே போதும். நெல்லில் சாறு உறிஞ்சும் புகையானுக்குப் புப்ரோபெசின் 25 எஸ்.சி. ஏக்கருக்கு 320 மில்லி. தூரின் அடியில் படும்படி அடித்தால்தான் வேலை செய்யும், மேலாக அடித்துவிட்டு 'மருந்து சரியில்லை' என்று அடுத்த டப்பாவுக்குப் போவதே வழக்கமாக நடக்கும் தவறு. அதற்கும் முன்னால் எண்ணிப் பாருங்கள். தூருக்கு ஒரு சிலந்தியாவது இருந்தால் கிளைக்கு இரண்டு புகையான் வரை பயிர் தாங்கும். சிலந்தி இல்லையென்றால் ஒன்று. நட்ட முதல் முப்பது நாளில் இலை தின்னும் புழுவுக்கு மருந்தே வேண்டாம் என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் நெடுநாள் பரிந்துரை. அந்த வயதில் பயிர் இழந்த இலையை ஈடுகட்டிக்கொள்ளும். அந்த முப்பது நாளில் மருந்து இல்லாத வயல் உண்ணிக்கொக்குக்கும் கரிச்சானுக்கும் எவ்வளவு தீனி!

உளுந்துக்குத் திரும்பினால், பூஞ்சை நோய்க்குக் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் என்ற உயிர்மருந்து, பிறகு ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரம். தேமலுக்கு எதிர்ப்புள்ள வம்பன் 8 போன்ற ரகத்தை எடுத்தால் பூச்சிமருந்து விதை நேர்த்திக்கான காரணமே பெரும்பகுதி போய்விடுகிறது. கடலூர் மாவட்டத்தின் வேப்பூர், மங்களூர்ப் பக்கத்து மக்காச்சோளத்தில் மருந்து பூசிய விதையே கையில் வருகிறது. அங்கே 4 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி மூடுவது முக்கியம். சிந்துவது எங்கே என்றால் கருவி திரும்பும் வயல் முனையிலும் மூட்டை பிரித்த இடத்திலும். அந்த இரண்டு இடத்தையும் விதைப்பு முடிந்த கையோடு மண் போட்டு மூட வேண்டும். விதை கலக்கும்போது கீழே தார்ப்பாய் விரியுங்கள். மிஞ்சியதைக் கோழிக்குப் போடாதீர்கள். குழி தோண்டிப் புதையுங்கள். சாயம் ஏற்றியிருப்பதால் பறவை தொடாது என்பது நம்பிக்கை மட்டுமே.

எலி மருந்தில் இரண்டு விதமான ஆபத்து. துத்தநாக பாஸ்பைடு கலந்த அரிசியைப் பறவை நேரடியாகப் பொறுக்கும். வயிற்று அமிலத்தில் பாஸ்பைன் வாயு உண்டாகிச் சாகும், முறிமருந்து கிடையாது. புரோமாடியலோன் 0.005 சதவீதக் கேக்கோ இரத்தம் உறைவதைத் தடுக்கிறது. எலி தின்றதும் சாகாது. மூன்று முதல் ஏழு நாள் வரை உயிரோடு தள்ளாடித் திரியும், பகலிலும் வெளியே வரும். கூகைக்கும் புள்ளி ஆந்தைக்கும் இதைவிடச் சுலபமான இரை இல்லை. ஈரலில் நஞ்சு சேர்ந்த எலிகளைத் தொடர்ந்து தின்றால் ஆந்தை உள்ளே இரத்தம் கசிந்து சாகும். வயலில் பறவைத் தாங்கி நட்டு ஆந்தையை அழைத்துவிட்டு அதே வயலில் கேக் வைப்பது அதைக் கூப்பிட்டுக் கொல்வதற்குச் சமம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கேக்தான் என்றால் வரப்பின் மேல் வைக்காமல் வளைக்குள் வைத்து வாயை மூடி, பத்து நாள் காலையில் சுற்றிவந்து செத்த எலிகளைப் பொறுக்கிப் புதைக்க வேண்டும். தஞ்சாவூர்க் கிட்டி என்ற எலிப்பொறி வைப்பதும், எலி பிடிப்பதில் தேர்ந்த இருளர்களைக் கூப்பிட்டு வளை வெட்டுவதும் நஞ்சில்லாத வழிகள். நாற்றங்கால் காலத்திலேயே பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து செய்தால்தான் பலன். தனி வயலில் பிடித்தால் அடுத்த வாரம் வேறு எலி குடிவந்துவிடும்.

துடிக்கும் பறவை கிடைத்தால் கையுறை போட்டுக்கொண்டு தூக்குங்கள். காற்றோட்டத் துளை போட்ட அட்டைப் பெட்டியில், அடியில் துணி விரித்து, இருட்டாக, நிழலில் வையுங்கள். தண்ணீர், பால், எண்ணெய், புளிக்கரைசல் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். நடுங்கும் பறவைக்கு விழுங்க வராது. ஊற்றியது மூச்சுக்குழாயில் போய் அதுவே கொன்றுவிடும். இறகில் மருந்து பட்டிருந்தால் மட்டும் மென்மையான சோப்பு நீரில் அலசித் துடைக்கலாம். பிறகு வனத்துறைக்குச் சொல்லிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம். புதுச்சேரியில் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

மருத்துவர்களுக்காக ஒரு குறிப்பு, ஏனென்றால் மாட்டுக்குப் பழகிய கைக்கு இந்த அளவுகள் பழக்கமில்லாதவை. அட்ரோபின் பறவைக்குக் கிலோவுக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம், தசையில், மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை அறிகுறி பார்த்து. நம் ஆம்பூல் மில்லிக்கு 0.6 மில்லிகிராம். 4 கிலோ மயிலுக்குக் குறைந்த அளவில் 0.8 மில்லிகிராம், ஏறத்தாழ 1.3 மில்லி. 150 கிராம் புறாவுக்கு 0.03 மில்லிகிராம், அதாவது 0.05 மில்லி, இன்சுலின் ஊசி இல்லாமல் அளக்க முடியாது. பிராலிடாக்சிம் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிகிராம், ஆர்கனோபாஸ்பேட் என்றால் முதல் ஒரு நாளுக்குள். கட்டு இறுகிய பிறகு கொடுத்துப் பயனில்லை. கார்பமேட்டுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. தீனிப்பை நிறைந்திருந்தால் அதைக் கழுவி எடுக்காமல் ஊசி மட்டும் போட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி வலிப்பு வரும். கழுவி எடுத்ததைக் கொட்டாதீர்கள், அதுதான் தடயம்.

செத்த பறவையில் சோதனை பலிக்காமல் போவது பெரும்பாலும் முதல் நாளின் கவனக்குறைவால். கிடந்த நிலையில் படம் எடுத்து இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பறவையை எடுப்பதும் மகஜர் எழுதுவதும் வனத்துறையின் வேலை. மயில் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை ஒன்றில் இருப்பது, நஞ்சு வைத்தலும் அந்தச் சட்டப்படி வேட்டைதான். ஒவ்வொரு பறவையும் தனிப் பையில், ஐஸ் பெட்டியில். தீனிப்பையிலும் அரைவைப்பையிலும் உள்ளது, கல்லீரல், மூளை ஆகியவற்றைத் தனித்தனியாக அலுமினியத் தாளில் சுற்றி, பெயரெழுதி, மைனஸ் 20 டிகிரியில் உறைய வைக்க வேண்டும். எச்ச நஞ்சு பார்க்கும் மாதிரியைப் பார்மலினில் போட்டால் வீண். பார்மலின் திசு ஆய்வுக்கான தனித் துண்டுக்கு மட்டும். மூளையில் கோலினெஸ்டரேஸ் இயல்பைவிட 20 சதவீதம் குறைந்திருந்தால் நஞ்சு பட்டிருக்கிறது, 50 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அதுவே கொன்றது என்று எடுத்துக்கொள்வார்கள். கார்போபியூரானில் செத்த பறவையை வெயிலில் ஒரு பகல் விட்டுவிட்டால் நொதி தானே மீண்டு, கணக்கு 'இயல்பு' என்று வரும். தீனிப்பையில் உள்ளதுதான் அப்போது காப்பாற்றும். வயிற்றைத் திறக்கும்போது பூண்டு நெடி வந்தால் பாஸ்பைன். திறந்த வெளியில், காற்று முதுகுப்பக்கமிருந்து வீசும்படி நின்று திறக்க வேண்டும். கோயம்புத்தூர் சாலிம் அலி பறவையியல் மையம் பறவைகளில் எச்ச நஞ்சை நெடுங்காலமாக ஆய்ந்துவருகிறது. எங்கே அனுப்புவது என்று மாவட்ட வன அலுவலகம் முடிவுசெய்யும்.

மாதிரி எடுத்த மிச்ச உடலை மூன்றடி ஆழத்தில், கிணற்றுக்கும் ஏரிக்கும் எட்டத்தில், சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். மேலோட்டமாகப் புதைத்தால் அன்று இரவே நாய் தோண்டும், விடிந்ததும் காகம் இறங்கும். செத்துக் கிடந்த கொக்கையோ மயிலையோ கறிக்கு எடுத்துப்போக யாராவது வந்தால் தடுத்துவிடுங்கள். கொதிக்க வைப்பதால் தீனிப்பையில் இருக்கும் நஞ்சு போய்விடுவதில்லை.